பிரதி முதலில் போலீசுக்கு

சின்ன மேடை – 14

சென்ற வாரம் 1978-ல் நிறுத்தியிருந்தோம். காந்திகிராமத்து நாடகப் பட்டறை முடிந்து ஒரு வருடம். சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், மறுபடியும் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷா. சபாக்கள் ஏறெடுத்தும் பார்க்காத குழுக்கள். டிக்கெட் விற்று அரிசி வாங்க முடியாது என்று தெரிந்தே இறங்கியவர்கள்.

நடிக்க ஆள் கிடைத்தது. எழுதித் தர இந்திரா பார்த்தசாரதியும் முத்துசாமியும் இருந்தார்கள். பார்க்கவும் ஒரு சின்னக் கூட்டம் வந்தது.

வராமல் இழுத்தடித்தது ஒரு காகிதம். காவல்துறையின் அனுமதி.

நாடகம் போடுவதற்குப் போலீஸ் எதற்கு? திருட்டா, கொலையா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கல்கத்தா, பிப்ரவரி 1876

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர். பவானிப்பூரில் ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரத்துக்குள்ளேயே கூட்டிப்போய், வீட்டுப் பெண்களை வைத்து வரவேற்பு கொடுத்தார்.

ஊர் கொதித்தது. துரைக்கு வால் பிடிக்க வீட்டுப் பெண்களை நிறுத்துவதா என்று பேச்சு.

கிரேட் நேஷனல் தியேட்டர் சும்மா இருக்குமா? பிப்ரவரியில் ஜகதானந்தர் ‘கஜதானந்தர்’ ஆகி மேடைக்கு வந்துவிட்டார். கூட்டம் நெரிந்தது. போலீஸ் நிறுத்தியது. குழு பெயரை மாற்றி மறுபடி போட்டது. அதையும் நிறுத்தியதும், போலீசையே கிண்டல் செய்து ஒரு நாடகம் வந்தது. ஆணையர் பெயர் ஹாக், கண்காணிப்பாளர் பெயர் லாம்ப். மேடையில் அவர்கள் பன்றியும் ஆடும் ஆனார்கள்.

பிப்ரவரி 29. வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று: 1876-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டம், நாடக நிகழ்ச்சிகள் சட்டம்.

அதன் பிரிவுகளைப் படித்தால், எழுதியவனுக்கு நாடகம் என்றால் எத்தனை பயம் என்பது தெரியும்.

அரசு ஒரு நாடகத்தைத் தடை செய்த பிறகு அதில் நடித்தவனுக்குச் சிறை. உதவியவனுக்குச் சிறை. இடம் கொடுத்தவனுக்குச் சிறை. தடை இருப்பது தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தவனுக்கும் சிறை. மூன்று மாதம் வரை. உடைகளையும் திரைச்சீலைகளையும் அள்ளிக்கொண்டு போகப் போலீசுக்கு அதிகாரம்.

இன்னொரு பிரிவு. ஒரு வட்டாரத்தில் உரிமம் இல்லாமல் நாடகமே கூடாது என்று அரசு அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால், நிகழ்ச்சிக்கு மூன்று நாளுக்கு முன்பாவது பிரதியைக் கொடுத்தாக வேண்டும். வசனமே இல்லாத ஊமை நாடகமாக இருந்தால்? அதற்கும் விடவில்லை. அதன் கருத்து என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும்!

கடைசியில் ஒரு விதிவிலக்கு வருகிறது. நம் பக்கத்துக் கதைக்கு அதுதான் முக்கியம். மதத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ரா போன்ற ஆட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கட்டியங்காரனுக்குப் பிரதி ஏது?

அந்த ஒற்றை வரி நம் நாடகத்தை இரண்டாக வெட்டியது என்பது என் எண்ணம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. ராத்திரி தொடங்கி விடிய விடிய ஆட்டம். அது கோயில் காரியம், சட்டத்துக்கு வெளியே. நகரத்தில் கொட்டகை போட்டு ஆடினால் அது நாடகம், சட்டத்துக்கு உள்ளே.

வேடிக்கை என்னவென்றால், ஆளுகிறவனுக்கு அதிகத் தொல்லை தரக்கூடியவன் கோயில் வாசலில்தான் ஆடிக்கொண்டிருந்தான். கட்டியங்காரன். துரியோதனனுக்குக் கட்டியம் கூறியபடியே ஊர் நாட்டாமையையும் தாசில்தாரையும் ஒரு இடி இடித்துவிட்டுப் போவான். அவன் பேச்சு அந்த ராத்திரி அந்த ஊரில் பிறப்பது. எந்தப் பிரதியில் அதைக் காட்டுவது?

நாடகம் என்பது தாளில் இருக்கிறது என்று சட்டம் நம்பியது. நடிகனுக்குத் தெரியும், அது வாயில் இருக்கிறது என்று.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் தமிழ் மேடை இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்கு ஆளானது, டி.கே.எஸ். சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்று பெயர் சூட்டி அதை மேடையேற்றினார்கள். விஸ்வநாத தாஸ் வள்ளி திருமண முருகனாக வந்து, மயில்மேல் உட்கார்ந்தபடி வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடுவார். பிரதியில் இருப்பது வள்ளி திருமணம்தான். பல முறை கைதானார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

1947-ல் வெள்ளைக்காரன் போனான். அவன் எழுதிய சட்டம் போகவில்லை.

1954: ஒரு நடிகரும் ஒரு சட்டமும்

அந்த வருடத்தை மெதுவாகப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு அவரை இறக்கியது. காமராஜர் முதல்வரானார். பெரியார் அவரை மனதார வரவேற்றார். பச்சைத் தமிழர் ஆட்சி என்றார்.

அதே வருடம் பெரியாரின் தொண்டர் ஒருவர் ‘ராமாயணம்’ நாடகத்தை மேடையேற்றினார். எம்.ஆர். ராதா.

அப்போது ராதாவுக்கு 47 வயது. ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தால் ஊர் ஊராகப் பெயர் பெற்றிருந்தார். அதன் திரைப்படமும் அதே வருடம்தான் வெளிவந்தது. ஆனால் ராமாயணம் வேறு ரகம். வால்மீகியில் இருப்பதைத்தான் நடிக்கிறேன், நானாக ஒன்றும் சேர்க்கவில்லை என்பது அவர் வாதம். பக்தர்கள் பார்வையில் அது தெய்வ நிந்தனை. கல் பறந்தது, வழக்குப் பாய்ந்தது, கைது நடந்தது. மனம் புண்படுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அவர் அறிவித்ததாகச் சொல்வார்கள்.

அரசுக்கு ஒரு சிக்கல். 1876 சட்டம் வெள்ளைக்காரன் வாசனை அடிப்பது. 1950-ல் அரசியல் சாசனம் வந்துவிட்டது. 19-ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்?

புதிதாக ஒன்று செய்தார்கள். 1954-ஆம் ஆண்டின் 33-ஆம் சட்டம், சென்னை மாநில நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ‘ஆட்சேபகரமான நிகழ்ச்சி’ எது என்று அதில் ஒரு விளக்கம் உண்டு. வன்முறையைத் தூண்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது, ஆபாசமானது என்று பட்டியல் நீளும். எதை எதில் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது அரசு.

பெரியார் வாழ்த்திய ஆட்சியில், பெரியாரின் நடிகரைக் கட்டிப்போட ஒரு சட்டம். வரலாறு இப்படியெல்லாம் முடிச்சுப் போடும்.

ராதா கட்டுப்பட்டாரா? தடை வந்தால் பெயரை மாற்றினார். பிரதி கேட்டால் கொடுத்தார். மேடையில் பேசியது வேறு. அன்றைய செய்தித்தாளில் வந்ததை அன்று இரவே வசனத்தில் நுழைத்துவிடுகிற ஆளிடம் எந்தப் பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்ப்பது? அந்த வகையில் ராதா ஒரு கட்டியங்காரர்தான். கோயில் திருவிழாவின் விதிவிலக்கு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

லக்னோவில் ஒரு தீர்ப்பு

வடக்கே இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1953-ல் லக்னோவில் இப்டா என்ற நாடக அமைப்பினர் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையை நாடகமாக்கினார்கள். மேளாவுக்குப் போன ஏழைச் சிறுவன், மிட்டாய் வாங்காமல் பாட்டிக்கு ரொட்டி சுடும் இடுக்கி வாங்கி வரும் கதை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதை. அதற்கும் 1876 சட்டத்தில் வழக்கு!

1956-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1876 சட்டம் அரசியல் சாசனம் தரும் பேச்சுரிமைக்கு முரணானது; செல்லாது.

அந்தத் தீர்ப்பு உத்தரப் பிரதேசத்து நாடகக்காரர்களைக் காப்பாற்றியது. நம்மவர்களைக் காப்பாற்றவில்லை. இங்கேதான் இரண்டு வருடத்துக்கு முன்பே சொந்தமாக ஒரு சட்டம் செய்து வைத்தாயிற்றே.

அலகாபாத் தீர்ப்பு 1956. 1954 சட்டத்துக்கு எதிராகச் சென்னைத் தீர்ப்பு வந்த வருடம் 2013. இடையில் 57 வருடங்கள். ஏன் அத்தனை காலம் ஆயிற்று?

மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பிறந்தவர்

பெரிய ஆட்களுக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் பதில் என்று நினைக்கிறேன். ராதாவுக்குக் கொட்டகை கொள்ளாத கூட்டம் இருந்தது. தடை வந்தால் கூட்டம் கூடும். சோவின் ‘சம்பவாமி யுகே யுகே’ நாடகத்துக்கு பக்தவத்சலம் ஆட்சிக் காலத்தில் அனுமதிச் சிக்கல் வந்தது. சபாக்களும் பத்திரிகைகளும் பின்னால் நின்றன. தகராறே விளம்பரமாயிற்று.

சின்னக் குழுவின் கதை வேறு. அதைத் தடை செய்ய யாரும் மெனக்கெட வேண்டாம். தாமதம் போதும்.

நடைமுறையை நினைத்துப் பாருங்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், டெலிபோன் இலாகாக்காரர், கல்லூரி மாணவர் என்று ஒரு பத்துப் பேர். மாலையில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அரங்கத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. அரங்கத்துக்காரர் கேட்கிறார்: போலீஸ் பர்மிஷன் இருக்கா சார்? பிரதியைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. சனிக்கிழமையும் காகிதம் வரவில்லை என்றால் நாடகம் இல்லை. முன்பணம் போச்சு. தடை உத்தரவு என்று ஒன்றும் கிடையாது. எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை.

இதைவிடக் கொடுமை, அடுத்த நாடகத்தை எழுத உட்காரும்போது நடப்பது. இந்த வசனம் வேண்டாம், அனுமதி இழுத்தடிக்கும் என்று எழுதுகிறவரின் கை தானாக நிற்கும். போலீஸ் அடித்த வரிகளைக் கணக்கெடுக்கலாம். எழுதப்படாமலே போன வரிகளை யார் எண்ணுவது?

சினிமாவுக்காவது ஒரு தணிக்கை வாரியம் இருந்தது. 1970-ல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சினிமா முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. சினிமாவின் வீச்சு தனி என்றது. நாடகத்துக்கு வாரியமும் இல்லை, சான்றிதழும் இல்லை. லட்சம் பேர் பார்க்கும் படத்தைத் தணிக்கைக் குழு பார்த்தது. நூறு பேர் பார்க்கும் நாடகத்தைப் போலீஸ் படித்தது.

இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஞாநி.

நம் மறைமலை நகரில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் சிங்கப்பெருமாள் கோயில், பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. 1954-ல் அங்கே பிறந்தவர். இயற்பெயர் சங்கரன். அவர் பிறந்த வருடமே அந்தச் சட்டமும் பிறந்தது. பத்திரிகையாளராகத்தான் ஊருக்குத் தெரியும். ‘ஓ பக்கங்கள்’ படிக்காதவர்கள் குறைவு. நாடகம் அவருக்குப் பொழுதுபோக்கில்லை. 1978-ல் தொடங்கிய பரீக்‌ஷாவைப் பெரிய நிதி எதுவும் இல்லாமல், முழுநேர நடிகர்கள் இல்லாமல் நாற்பது வருடம் இழுத்துக்கொண்டு போனார். இந்திரா பார்த்தசாரதி, ஜெயந்தன், பாதல் சர்க்கார், டெண்டுல்கர், பிரெக்ட் என்று தமிழ் மேடையில் மற்றவர்கள் தொடத் தயங்கிய பிரதிகளைத் தொட்டார்.

ராதா வழியை அவர் எடுத்திருக்கலாம். ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றைப் பேசியிருக்கலாம். பலர் அப்படித்தான் சமாளித்தார்கள். ஞாநிக்கு அது ஒத்துவரவில்லை. தன் ஒரு நாடகத்துக்கு அனுமதி கேட்பதை விட்டுவிட்டு, அனுமதி கேட்க வைக்கும் சட்டத்தின் மீதே கை வைத்தார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எது ஆட்சேபகரம் என்று அதிகாரி தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியுமென்றால், சாசனம் தந்த உரிமைக்கு என்ன பொருள்?

2013

தீர்ப்பு வந்தது. 1954 சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கும் 19-ஆம் பிரிவுக்கும் முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்சேபகரமான நிகழ்ச்சி என்ற விளக்கமும் போயிற்று, அதை வைத்துத் தடை செய்யும் அதிகாரமும் போயிற்று.

ஊர் கொண்டாடியிருக்க வேண்டும். பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. காரணம் உண்டு.

2013 சனவரியில் தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு ‘விஸ்வரூபம்’. கமல்ஹாசன் படத்தைத் திரையிடக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். தனி நீதிபதி அனுமதித்தார். மறுநாள் இரு நீதிபதிகள் அமர்வு தடை போட்டது. பேச்சுவார்த்தை நடந்து, சில காட்சிகளில் ஒலியை நிறுத்தச் சம்மதித்த பிறகு, பிப்ரவரி 7-ல் படம் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடகத் தடைச் சட்டம் செத்த அதே காலத்தில், அந்த மாதிரிச் சட்டம் எதுவும் இல்லாமலே ஒரு படத்தை நிறுத்த முடிந்தது. சட்டம் ஒழுங்கு கெடும் என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஞாநியின் வெற்றி வெறுங்கை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பிரதியைப் போலீசுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது சின்னக் குழுவுக்குப் பெரிய விடுதலை. ஆனால் ஒரு கதவு திறந்தபோது வாசலில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

அந்த வேறு ஆட்கள் யார் என்பதை நாடகக்காரர்கள் வெகு காலம் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1989 சனவரி 1. தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத், ஒரகடம் போலத் தொழிற்சாலைகள் சூழ்ந்த வட்டாரம். ஜண்டாபூரில் தொழிலாளர்கள் நடுவே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மியை ஒரு கும்பல் தாக்கியது. மறுநாள் அவர் இறந்தார். வயது 34. ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அந்தத் தாக்குதலில் இறந்தார். சனவரி 4 அன்று ஹஷ்மியின் மனைவி மலயஸ்ரீ அதே இடத்துக்குக் குழுவோடு திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். அன்று நாடகத்தைத் தடுத்தது எந்தச் சட்டப் பிரிவும் இல்லை.

சனவரி 2018

1876 சட்டம் என்ன ஆனது? பல மாநிலங்களில் தூங்கிக்கொண்டே இருந்தது. 2018 சனவரியில்தான், பழைய சட்டங்களைக் கழித்துக்கட்டும் ஒரு மத்திய சட்டத்தின் பட்டியலில் அதுவும் சேர்ந்து நீங்கியது. 141 வருடம் உயிரோடு இருந்த சட்டம்.

அதே சனவரி 15-ஆம் தேதி ஞாநி காலமானார். பொங்கல் மறுநாள். வயது 64.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த நகருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்; ‘அம்பிகாபதி அமராவதி’ என்று சொந்தமாக நாடகமும் எழுதியவர். நாடகாசிரியர் பெயரில் ஒரு தொழில் நகரம். ஜி.எஸ்.டி. சாலையில் ஷிப்ட் பஸ்கள் போகும் நேரத்தில் இதை யார் நினைக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்று இங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரும், காட்டாங்குளத்தூர் கல்லூரி மாணவர் இருவரும், ஒரு பள்ளி ஆசிரியையும் சேர்ந்து நாடகம் போட நினைத்தால், பிரதியை எந்தக் காவல் நிலையத்திலும் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். தெருவில் கூட்டம் சேர்க்க அனுமதி வேண்டும். மண்டபத்துக்குக் கல்யாண வாடகை தர வேண்டும்.

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விடிய விடிய ஆடும் கூத்துக்கு இது நேராக வந்து இடிக்கிறது. வெள்ளைக்காரன்கூட விதிவிலக்குக் கொடுத்த ஆட்டம் அது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-ல் குருகுலம் தொடங்கி, பெண் பிள்ளைகளுக்கும் கட்டைக்கூத்து கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு ஆட எத்தனை மணி நேரம் மிச்சம் இருக்கிறது?

தடைச் சட்டம் ஒழிந்த பிறகு சின்ன மேடையின் கழுத்தைப் பிடிப்பது எது? வாடகையா, நேரமா, இரண்டு ஷிப்டுக்கு நடுவே பார்வையாளருக்கு வரும் தூக்கமா? அடுத்த வாரம் புஞ்சரசந்தாங்கலிலிருந்து தொடங்குவோம். உங்கள் ஊரில் கடைசியாக விடிய விடியக் கூத்து நடந்தது எந்த வருடம் என்று நினைவிருந்தால், அதற்குள் எழுதுங்கள்.

(தொடரும்)